அத்தியாயம் 6: ஆற்றை பிள்ளை?

உருத்திரபுரத்தில் புதிய ஆள் ஒருவர் ஒரு வளவுக்குள் காலடி வைத்தால், முதலில் கேட்கப்படுவது பெயர் அல்ல. விறாந்தையில் பாக்குரலோடு இருக்கிற ஆச்சி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்பா: "நீ ஆற்றை பிள்ளை?" தகப்பன் பெயர் சொன்னால் போதாது. பேரன் பெயர், எந்த வாய்க்கால், தாய் எந்த ஊர், இவ்வளவும் வந்த பிறகுதான் தேத்தண்ணி வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் எழுத்து வகுப்பில் ஒரு தம்பி எண்பது பக்கக் கொப்பி ஒன்றை நீட்டினான். முழுக்க அரசகால மாயக்கதை. பனி மூடிய மலைக்கிராமம், அங்கே தாய் தகப்பன் தெரியாத ஓர் இளைஞன், வெண்தாடி மந்திரவாதி, கறுப்புக் கோட்டையில் ஒரு கொடியவன், சிறையில் ஒரு இளவரசி. கையெழுத்து முத்து மாதிரி. "பனி எங்கை கண்டனி?" என்று கேட்டேன். "கேமில, சேர்" என்றான். பனிக்காக நான் அவனைக் கண்டிக்கவில்லை. காணாத கடலைப் பாடிய புலவர்கள் எத்தனை பேர்! எனக்கு உறுத்தியது வேறு. அந்த நாயகன் ஆச்சியின் விறாந்தைக்கு வந்தால், அவனிடம் சொல்ல ஒரு பதிலும் இல்லை. மந்திரவாதிக்கும் இல்லை, கொடியவனுக்கும் இல்லை. அத்தனை பேரும் கடையில் வாங்கிய முகமூடிபோல வந்து நின்றார்கள்.

முந்திய அத்தியாயத்தில் உங்கள் கற்பனை நாட்டுக்கு ஆறும் குளமும் எல்லையும் வரைந்தோம். இந்த அத்தியாயம் அந்த நாட்டுக்குள் ஆட்களை இறக்குவது பற்றியது.

வேஷம் என்றால் என்ன

வீரன், ஞானி, துரோகி, கோமாளி, அரசன், கள்ளன் என்று கதைதோறும் திரும்பத் திரும்ப வரும் ஆள்வகைகளை விமர்சகர்கள் தொல்படிமம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் வாயில் நிற்பதில்லை. கூத்துக்காரர் சொல்வதுபோல் வேஷம் என்றே சொல்கிறேன். "இந்தமுறை ஆர் அரச வேஷம்?" என்று கேட்கும்போது அந்தச் சொல்லுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. வேஷம் முன்னமே இருக்கிறது. அதைக் கட்டப்போகும் ஆள் இனித்தான் வர வேண்டும். மட்டக்களப்புக் கூத்திலே ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து அவரவர் பாட்டை அண்ணாவியார் கையில் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். உடம்பு, குரல், நடை எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். எழுதுகிறவரும் அண்ணாவியார்தான்.

வேஷங்களை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் ருஷ்ய அறிஞர் விளாதிமிர் புரொப். 1928இல் வெளிவந்த நூலில், நூறு ருஷ்ய மாயக்கதைகளைப் பிரித்துப் பார்த்து, ஆட்கள் எத்தனை பேராக இருந்தாலும் அவர்கள் செய்யும் தொழில் ஏழு வகைக்குள் அடங்கும் என்றார்: எதிரி, வரம் தருபவர், உதவியாள், அரசகுமாரியும் அவள் தகப்பனும், நாயகனை அனுப்பி வைப்பவர், நாயகன், பொய்நாயகன். 1949இல் அமெரிக்கரான ஜோசப் கெம்பல், நாயகன் வீட்டை விட்டுப் போய்ச் சோதனைகளைத் தாண்டித் திரும்பி வரும் ஒரே பயணம்தான் எல்லா நாட்டுப் புராணத்திலும் இருக்கிறது என்று எழுதினார். சினிமாக்காரருக்குக் கெம்பலைப் பிடிக்கும். நான் புரொப் பக்கம். அவர் ஆளின் மனத்தைப் பற்றிப் பேசவில்லை; ஆள் கதைக்குள் என்ன வேலை செய்கிறான் என்று மட்டும் கேட்டார். வேலை தெரிந்தால் ஆளை உங்கள் ஊரிலிருந்தே எடுக்கலாம்.

காத்தானிடம் படிக்க வேண்டியவை

இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறியவர்கள் இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்த சொத்துகளில் ஒன்று காத்தவராயன் கூத்து. சிந்து நடைக் கூத்து. உடுக்கும் ஆர்மோனியமும் தாளமும் போதும். அரிச்சுவடி தெரியாத கிழவர்கூடப் பிற்பாட்டுப் பாடுவார். அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுவார்கள். இரவு தொடங்கினால் கழுமரம் ஏறும்போது கிழக்கு வெளுக்கும். சாக்கு விரித்து அதில் பாதி நித்திரையும் பாதிக் கூத்துமாய் வளர்ந்தவன் நான். கதை எழுதும் தொழில்நுட்பம் பற்றிய புத்தகங்கள் பலவற்றைப் பிறகு வாசித்திருக்கிறேன். அந்தச் சாக்கில் படித்ததுக்கு மேலே அவற்றில் அதிகம் இல்லை.

முதலாவது பாடம்: காத்தானை ஒரே ஆள் ஆடுவதில்லை. சின்னக் காத்தானாக ஒரு பெடியன் வருவான். நடுச்சாமத்தில் வேறொருவர். கழுவேறப் போவது இன்னொருவர். பெயர் ஒன்று, அம்மன் பிள்ளை ஒன்று, ஆனால் நடை மூன்று. சின்னவன் துள்ளுவான்; நடுக்காத்தான் நெஞ்சை நிமிர்த்துவான்; கடைசிக் காத்தானுக்குக் கால் நிலத்தில் ஊன்றிவிடும். பார்ப்பவருக்கு அது குழப்பம் தருவதே இல்லை.

உங்கள் கதையில் நாயகன் முதலாம் பக்கத்திலும் முந்நூறாம் பக்கத்திலும் ஒரே மாதிரி கோபப்பட்டு, ஒரே மாதிரி சிரித்தால், நீங்கள் ஒரே ஆளிடம் முழு இரவையும் கொடுத்துவிட்டீர்கள். செய்து பாருங்கள்: நாயகனை மூன்றாகப் பிரித்து, மூன்று தனித்தனி ஆட்களாகக் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொருவனும் எப்படி நடப்பான், பசித்தால் என்ன செய்வான், தன்னை விடப் பெரியவர் முன்னால் கையை எங்கே வைப்பான். பிறகு மூவரையும் ஒரே பெயரால் கூப்பிடுங்கள். இடையில் என்ன நடந்து இவன் அவனானான் என்பதுதான் உங்கள் கதை.

இரண்டாவது பாடம் இன்னும் பெரியது. காத்தவராயனுக்கு எதிரி யார்? கோட்டையில் இருக்கும் கொடியவன் அல்ல. பெற்ற தாய், முத்துமாரி. ஆரியமாலையை நினைத்து அலைகிற மகனைத் தடுக்கிறவளும் அவள்தான். இதைச் செய், அதைக் கொண்டுவா என்று வேலை சொல்லி அனுப்புகிறவளும் அவள்தான். அவனுக்கு இருக்கும் சக்தி அவள் பிள்ளை என்பதால் வந்தது. புரொப் ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுத்த தொழிலில் மூன்றை ஒரே தாய் செய்கிறாள். எதிரி, அனுப்பி வைப்பவர், வரம் தருபவர். தாயும் மகனும் எதிரெதிரே நின்று தர்க்கம் பாடும்போது களரியைச் சுற்றியிருக்கும் தாய்மார் கண்ணைத் துடைப்பது இதனால்தான். அவர்களுக்குக் கழுமரம் பிரச்சினை இல்லை. சொல்வழி கேளாத பிள்ளை பிரச்சினை. அப்படி ஒருவன் எல்லார் வீட்டிலும் இருந்தான்.

சின்னக் கூத்துக் குழுவில் ஆள் போதாவிட்டால், முன்னிரவில் தேவர் வேஷம் கட்டியவரே பின்னிரவில் சேலை கட்டிக்கொண்டு வருவார். ஊருக்கு ஆளைத் தெரியும், ஆகவே சிரிப்பும் வரும், சில வேளை அதற்கு மேலே ஏதோ ஒன்றும் வரும். எழுத்தில் இதை வேண்டுமென்றே செய்யுங்கள். உங்கள் பட்டியலில் ஏழு ஆட்கள் இருந்தால் இரண்டு வேஷத்தை ஓர் ஆளுக்குக் கட்டிவிடுங்கள். ஞானியே பொய்நாயகனாக இருக்கட்டும். உதவியாளே அரசகுமாரியின் தகப்பனாக இருக்கட்டும். அந்தத் தம்பியின் கொப்பியில் வெண்தாடி மந்திரவாதிதான் கறுப்புக் கோட்டையைக் கட்டிய மேசன் என்று ஒரே ஒரு வரி மாற்றினோம். அதுக்குப் பிறகு அவன் இரண்டு கிழமை வகுப்புக்கு வரவில்லை. எழுதிக்கொண்டிருந்தான்.

தெரிந்த பிறப்பு, தெரியாத பிறப்பு

மேற்கத்திய மாயக்கதையின் நாயகனுக்குப் பெரும்பாலும் வீடு வளர்ப்பு வீடு. ஆர்தர் மன்னன் தன் பிறப்பை அறியாமல் வளர்ந்து, கல்லில் இருந்து வாளை உருவின பிறகுதான் யார் என்று தெரிகிறது. ஹரி பொட்டர் படிக்கட்டின் கீழே அலுமாரிக்குள் வளர்கிறான். கடைசியில் அவிழும் இரகசியம் அந்தக் கதைகளின் இயந்திரம்.

எங்களிடமும் பிறப்பறியாத வீரன் இருக்கிறான், கர்ணன். ஆனால் கர்ணன் போர் ஆடும் களரியில் அவன் யாருடைய பிள்ளை என்பது கர்ணனுக்கு வெகுநேரம் தெரியாது. சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கடலை விற்கிறவருக்கும் தெரியும். அதனால் அவனுடைய ஒவ்வொரு அடியும் பார்ப்பவர் நெஞ்சில் விழுகிறது. திடுக்கிட வைப்பது ஒரு நிமிட வேலை. தெரிந்தும் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருப்பது விடியும்வரை நீளும். இரகசியம் ஒன்று வைத்திருக்கிறீர்களா? மூன்றாம் பக்கத்திலேயே வாசகரிடம் சொல்லிவிட்டு, நாயகனிடம் மட்டும் மறைத்துப் பாருங்கள்.

காக்கை வன்னியன் என்ற வேஷம்

மாயக்கதையில் எல்லாருக்கும் எழுத ஆசையும், எவருக்கும் சரியாக எழுத வராததுமான வேஷம் காட்டிக்கொடுப்பவன். இதற்கு வன்னியிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது.

பண்டாரவன்னியன் கதை உங்களுக்குத் தெரியும். 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தார். ஆங்கிலேயர் நட்ட கல் அவன் தோற்றான் என்பதை மட்டும்தான் சொன்னது. ஊர் அதில் நிறைவடையவில்லை. இப்படி ஒருவன் எப்படித் தோற்பான்? யாரோ காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். வாய்க்கதையிலும் நாடகத்திலும் அந்த ஆளுக்குக் காக்கை வன்னியன் என்று பெயர். பண்டாரவன்னியனின் தங்கையை விரும்பி, அவள் மறுத்ததால் வஞ்சம் வைத்தவன் என்று மேடையில் வரும். முல்லைமணியின் நாடகத்தின் மூலம் அந்தப் பெயர் பள்ளிப் பிள்ளைகள்வரை போனது.

இனி இன்னொரு புத்தகத்தை எடுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை. பண்டாரவன்னியனுக்கு முன்னமே எழுதப்பட்டது. அதிலே சங்கிலி மன்னனைப் பறங்கிகளிடம் பிடித்துக் கொடுப்பவன் யார்? ஊர்காவற்றுறையில் இருந்த காக்கை வன்னியன். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்தது 1619இல். அதற்கும் கற்சிலைமடுவுக்கும் இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள். இருவரும் ஒருவராக இருக்க வழியில்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தார்களா, பழைய கதையின் பெயர் புதிய தோல்விக்கு வந்து ஒட்டிக்கொண்டதா என்பதை வரலாற்றுக்காரர் பார்க்கட்டும். கதை எழுதுபவனாக எனக்குத் தோன்றுவது இது: வேஷம் கறுப்பு உடுப்போடு வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது, ஒரு தோல்வி நடந்தவுடன் உள்ளே வந்துவிடுகிறது.

ஆகவே இந்த வேஷத்தை எழுதும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இவன் இல்லாமலே தோல்வி வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால், இவன் கதைக்குத் தேவைப்படுகிறானா, தோற்றவர்களின் மனதுக்குத் தேவைப்படுகிறானா? இரண்டாவதுதான் என்றால் அதையே எழுதுங்கள், அது இன்னும் நல்ல கதை.

இங்கே ஒரு வார்த்தை. துரோகி என்ற சொல் எங்கள் மண்ணில் வெறும் கதைச்சொல் அல்ல. அதைச் சுமந்தவர்களின் வீடுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. மாயநாட்டில்தானே என்று அந்தச் சொல்லைக் கையில் கிடைத்த கல்லைப்போல் எறியாதீர்கள். என் வகுப்பில் ஒரு விதி: காட்டிக்கொடுப்பவனை எழுதலாம், ஆனால் கதையில் எவரும் அவனை அந்தச் சொல்லால் கூப்பிடக்கூடாது. செயலைக் காட்டு, பெயரை வாசகர் வைக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வகுப்பில் வந்த வரி இப்படி:

"காவலன் பேராசை பிடித்தவன். அவன் கண்களில் சூழ்ச்சி மின்னியது. பொற்காசுக்காகக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான்."

எங்கள் கற்பனை நாடு குளங்களின் நாடு. கோட்டைக்கு மூன்று பக்கம் குளம்தான் அகழி. ஆகவே கதவை விட்டுவிட்டுத் துருசுக்குப் போனோம். எல்லாரும் சேர்ந்து திருத்தியது இது:

"மூன்றாம் இரவு. துருசுக் காவலன் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து முகத்தைத் துடைத்தான். கடைக்கோடி வயல்களுக்குத் தண்ணீர் போய்ப் பதினொரு நாள். திறக்கச் சொல்லி அரண்மனை ஓலை வரவில்லை. கடைக்கோடியில்தான் தங்கச்சியின் வயல், குடலைப் பயிர். அக்கரையில் பந்தம் ஒன்று மூன்றுதரம் எழுந்து தாழ்ந்தது. அவன் பலகையில் கை வைத்தான். வயலுக்குத்தானே என்று வாய்க்குள் சொன்னான். பலகை எழும்பியது. குளம் இன்னும் ஒரு முழம் இறங்கினால் யானைகள் நடந்து வரலாம் என்பது அவனுக்குத் தெரியும். தெரியாது என்று நாளைக்குச் சொல்லவும் முடியும்."

பொற்காசு போய்விட்டது. அதன் இடத்தில் தங்கச்சியும் பதினொரு நாளும் வந்தன. சிறுபோகத்தில் கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் காவலனின் கையை எட்டிப் பிடிக்க மனம் வராது. திருத்தம் முடிந்தபோது வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னாள்: "சேர், இது எங்கட அப்பாவின்ரை கதை மாதிரிக் கிடக்கு, யானை மட்டும்தான் இல்லை."

அரசனுக்கு ஒரு வேலை கொடுங்கள்

மேலே உள்ள துண்டிலேயே அரசன் வந்துவிட்டான், ஓலை அனுப்பாதவனாக. மாயக்கதை அரசர்களில் பாதிப்பேர் சிம்மாசனத்தில் இருந்து பெருமூச்சு விடுகிறார்கள். எங்கள் பக்கத்து ஐதிகத்தில் பெரிய அரசன் என்றால் குளக்கோட்டன். குளமும் கோட்டமும் கட்டியதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். திருகோணமலைக் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் அவன் பேரில் சொல்வார்கள். நாடு பிடித்த கணக்கு யாருக்கும் நினைவில்லை, தண்ணீர் கட்டிய கணக்குத்தான் நினைவிருக்கிறது. அரசன் யாரென்று காட்ட ஒரு போர்க்களம் எழுதாதீர்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் யாருடைய வயலை விதைக்கவிடுவது என்று தீர்மானிக்கும் ஒரு கூட்டத்தில் அவனை இருத்துங்கள். அரைப்பக்கம் போதும்.

யானை கட்டியவள்

வீரப்பெண் வேஷம் இப்போது எல்லாருடைய கொப்பியிலும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் முக்காலும் ஆண் வீரனுக்குச் சடை பின்னிவிட்டதுபோல் இருக்கிறது. அல்லி அரசாணியை வைத்து நூறாண்டுக்கு மேலாகப் பாட்டியர் கதை சொல்லும் மொழியில் இந்த வறுமை வரவேண்டியதில்லை. அதைவிட அருகில் வன்னிக்கே உரிய ஒருத்தி இருக்கிறாள்: அரியாத்தை. யானை பிடிக்கும் பணிக்கர் குலத்து வேலப்பணிக்கனின் பெண்சாதி. ஆண்களால் கட்ட முடியாத கொம்பன் யானையை அவள் கட்டினாள். அந்தப் பெருமை பொறுக்காதவர்கள் அவளுக்கு நஞ்சூட்டினார்கள். அவள் சிதையில் புருஷனும் வீழ்ந்து மாண்டான். இந்தக் கதை ஒப்பாரியாக நின்று, பிறகு வேழம் படுத்த வீராங்கனை என்று கூத்தாகவும் ஆகியிருக்கிறது. சொல்லும் வாய்க்கு வாய் விவரம் மாறும்; யானையும் நஞ்சும் மாறாது.

இதிலே கவனிக்க வேண்டியது கதை எங்கே திரும்புகிறது என்பது. வேறொரு கதையில் யானையைக் கட்டியதோடு வெற்றி, கொட்டு, முடிசூட்டு. இங்கே யானை பாதி வழி. காட்டிலுள்ள மிருகத்தை வென்றவளுக்கு ஊருக்குள் இருக்கும் மிருகம் எமனாகிறது. அரக்கனையும் பறவைநாகத்தையும் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மிருகத்தைக் கதையின் நடுவிலேயே வீழ்த்திவிடுங்கள். வீழ்த்தியவள் வீட்டுக்கு வரும்போது வாசலில் யார் யார் நிற்கிறார்கள், யார் முகம் சுருங்குகிறது என்று எழுதத் தொடங்குங்கள். இன்னொன்று: அவளுக்கு எந்தத் தீர்க்கதரிசனமும் இல்லை, தெய்வப்பிறப்பும் இல்லை. தொழில் தெரியும். யானை எந்தப் பக்கம் காதை மடக்கினால் எந்தப் பக்கம் பாயும் என்று அறிந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். வரத்தை விடத் தொழில் நம்பத் தகுந்தது.

ஞானியின் வாயைக் கட்டுங்கள்

வெண்தாடி மந்திரவாதியின் குற்றம் தாடி அல்ல. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடுவது. இதற்கு மருந்து கல்கியிடம் இருக்கிறது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அது முடிந்த அதே 1954இல்தான் டொல்கினின் மோதிரக் கதையின் முதல் பாகம் லண்டனில் வெளியானது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே காலத்தில் ஒரே சந்தையின் இரு முனையில் கடை போட்டிருந்தார்கள். டொல்கினின் கண்டால்ஃப் நிறையப் பேசுவார். கல்கி, அருள்மொழியைக் காவேரியிலும் ஈழத்துக் காட்டிலும் காக்கும் தெய்வம் போன்ற பெண்ணை ஊமையாக்கினார். மந்தாகினிக்கு எல்லாம் தெரியும், சொல்ல வாயில்லை. கதையின் பாதி முடிச்சு அந்த ஒரு பறிப்பில் விழுந்தது. வேஷத்துக்கு மிகவும் பொருந்திய கருவி எதுவோ அதைப் பறித்துவிடுங்கள்: ஞானியிடம் பேச்சை, வீரனிடம் வாள்கையை, ஒற்றனிடம் பாதத்தின் மெதுமையை.

மந்திரவாதிக்கு இங்கே ஆள் தேடினால், பாம்புக்கடிப் பரிகாரியார் இருக்கிறார். ஓடிவந்தவன் வாய் திறக்க முன்னமே, அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கடித்தது எது, பிழைக்குமா என்று சொல்லும் குறிசாத்திரம் பழைய பரிகாரிமாருக்கு உண்டு. காசு வாங்கமாட்டார். எழுந்து நடக்கும்போது ஏன் வேலியோரமாகவே நடக்கிறார், எந்த வீட்டில் மட்டும் தண்ணீர் குடிக்கமாட்டார் என்று யோசியுங்கள். ஒரு நாவல் கிடைக்கும்.

மாயம் எப்படி நடக்கும் என்பதற்கும் வெளியே தேட வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரை எடுத்துவந்து விளக்கெரிப்பது வழக்கம். அதைப் பார்த்து யாரும் "ஆ!" என்று வாய் பிளப்பதில்லை. யார் தண்ணீர் எடுப்பது, எந்த நாள், எந்தப் பாதை, யார் விரதம் என்பதுதான் பேச்சு. உங்கள் நாட்டு மாயத்துக்கும் இப்படி ஒரு முறைவழக்கம் வையுங்கள்.

கள்ளனும் கோமாளியும்

கள்ளன் வேஷத்துக்குத் தமிழில் ஒரு முழு நாடக வகையே இருந்தது, நொண்டி நாடகம். தாசியிடம் பொருளிழந்தவன் அவளுக்காகக் குதிரை திருடப் போய், பிடிபட்டுக் கால் வெட்டுப்படுகிறான். பிறகு தெய்வத்திடம் போய்க் கால் பெறுகிறான். முழுக் கதையையும் அவனே ஒற்றைக் காலில் நின்று சொல்கிறான். சீதக்காதி பேரிலும் ஒரு நொண்டி நாடகம் உண்டு. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைத் திரும்ப மேடையேற்றிய 1960களில் இதுவும் மேடைக்கு வந்தது. கள்ளனைக் கெட்டிக்காரனாகவே எழுதிச் சலித்தவர்கள், பிடிபட்ட பிறகு கதை சொல்லும் கள்ளனை எழுதிப் பாருங்கள்.

அதே மேடையில் மௌனகுருவின் இராவணேசனும் வந்தான். பத்துத் தலை அரக்கன் என்று இருந்த வேஷம், தன் அழிவு தெரிந்தும் பின்வாங்காத பெருமகனாகியது. உடுப்பில் அதிகம் மாறவில்லை. கதை யார் பக்கத்தில் நின்று பார்க்கிறது என்பது மாறியது.

கோமாளி பற்றி ஒரே வரி: பபூன் மட்டும்தான் களரியைத் தாண்டி வந்து முன்வரிசையில் இருக்கும் விதானையாரிடம் நெல் விலை கேட்கலாம், உங்கள் கதையில் உண்மையைச் சத்தமாகச் சொல்லும் உரிமை அவனுக்கு மட்டும் இருக்கட்டும்.

வரவு

கூத்தில் எந்தப் பாத்திரமும் சும்மா வந்து நிற்காது. வரவு உண்டு. யார், எந்த நாடு, எதற்கு வருகிறான் என்று பாடி ஆடித்தான் உள்ளே வரும். உரைநடையில் அது பழங்காலப் பாணியாகத் தெரியலாம். கல்கி அதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள்: ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு குதிரைக்காரன், வேடிக்கை பார்த்துக்கொண்டு. கல்வெட்டில் வந்தியத்தேவன் குந்தவையின் கணவர் என்ற அளவில்தான் இருக்கிறார். கல்கி அவனை அரசனாகவும் ஆக்கவில்லை, தெய்வப்பிறவியாகவும் ஆக்கவில்லை. ஓலை கொண்டுபோகும் ஆள். ஓலைக்காரனுக்கு எந்தக் கதவும் திறக்கும், எந்த இரகசியத்திலும் தடக்கி விழலாம். நாயக வேஷத்தை அரண்மனையின் மிகச் சிறிய உத்தியோகத்துக்கு இறக்கிய அந்த ஒரு தீர்மானம் ஐந்து பாகத்தைத் தாங்குகிறது.

உங்கள் கொப்பியை எடுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரவு எழுதுங்கள், பத்து வரிக்கு மேல் வேண்டாம். முடி நிறம், கண் நிறம், வாளின் பெயர் ஒன்றும் வேண்டாம். ஆள் ஒரு வளவுக்குள் வருகிறான், விறாந்தையில் ஆச்சி இருக்கிறா, கேள்வியைக் கேட்கிறா. அவன் சொல்லும் பதில், அல்லது சொல்லாமல் பார்வையை எங்கே திருப்புகிறான் என்பது. கொடியவனுக்கும் எழுதுங்கள், அரசனுக்கும், ஓலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதே பக்கத்தில் சாகப்போகும் பெயரில்லாத வீரனுக்கும்.

அந்தத் தம்பி தன் கறுப்புக் கோட்டைக்காரனுக்கு எழுதியதைக் காட்டினான். கொடியவன் படலையடியில் நிற்கிறான். ஆச்சி கேட்கிறா. அவன் தகப்பன் பெயரைச் சொல்கிறான். ஆச்சி பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு, "அவன் எனக்கு ஒரு மூட்டை நெல் கடன்" என்கிறா. பனிக்கிராமம் கதையில் இன்னும் இருக்கிறது. கோட்டைக்குள் மட்டும் இப்போது ஒரு மூட்டை நெல் கிடக்கிறது, அதை யார் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது என்று இரண்டு அத்தியாயமாகச் சண்டை நடக்கிறது.